மேகநாத் சாகா: இராவணன் மகனின் பெயரைச் சூடிய பௌதீகவியலாளர்

எல்லவில் இராவணனுக்குக் குறைவில்லை. வெல்லவாய வீதியில் இறங்கிப் போனால் இராவணன் நீர்வீழ்ச்சி. மலையில் ஏறினால் இராவணன் குகை. தங்குவிடுதி, தேநீர்க் கடை, முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடி என்று எங்கும் அவன் பெயர்தான். ஆனால் அவன் மகன் மேகநாதனின் பெயரை இந்தப் பகுதியில் ஒரு பலகையிலும் நான் கண்டதில்லை. இந்திரனை வென்று இந்திரசித்து என்று பெயர் வாங்கியவன். தகப்பனின் போரில் தகப்பனுக்கு முன்னே செத்துப்போனவன். அவனை நினைவில் வைத்திருந்து, அவன் பெயரையே விரும்பி எடுத்துக்கொண்ட ஒருவர் வங்காளத்தில் இருந்தார். நட்சத்திரங்கள் எதனால் ஆனவை, எவ்வளவு சூடானவை என்று உலகம் கணக்கிட்டு அறிய வழி காட்டியவர் அவர்.

மேகநாத் சாகா 1893 ஒக்டோபர் 6ஆம் திகதி டாக்கா மாவட்டத்தின் சியோராத்தலிக் கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது. பிறந்த அன்று கடும் புயலும் மழையுமாம். அதனால் மேகங்களுக்குத் தலைவனான இந்திரனின் பெயரை வைத்து மேகநாத் என்று கூப்பிட்டார்கள். பிற்காலத்தில் அவர் அதன் கடைசி எழுத்தைச் சற்றே மாற்றிக்கொண்டார் என்றும், அந்த மாற்றத்தால் பெயர் இந்திரனுடையதாக இல்லாமல் இந்திரனை வென்றவனுடையதாக ஆகிவிட்டது என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வங்காளியில் அந்த ஓரெழுத்துக்குள் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது.

தகப்பன் ஜகன்னாத் சாகா கிராமத்தில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகள். மேகநாத் ஐந்தாவது. சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டிருந்த குடும்பம். எழுத்துக்கூட்டிப் படித்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பையன் கடையில் உட்காரலாம் என்பதுதான் வீட்டுத் திட்டம். கிராமத்துப் பாடசாலையும் ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துவிட்டது. ஊவாவிலும் நுவரெலியாவிலும் தோட்டப் பாடசாலைகள் நீண்ட காலம் இப்படித்தான் இருந்தன. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கும், அல்லது கொழும்புக் கடையொன்றுக்குப் போகும். அதற்கு மேலே படிக்க மலையிறங்கி நடக்க வேண்டும், யாராவது சோறு போட வேண்டும்.

சாகாவுக்குச் சோறு போட ஒருவர் கிடைத்தார். அடுத்த பாடசாலை இருந்தது சிமுலியா என்ற ஊரில், ஏழு மைல் தள்ளி. அங்கே அனந்த குமார் தாஸ் என்ற வைத்தியர், பையனைத் தன் வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு கொடுக்கச் சம்மதித்தார். பையன் வீட்டு வேலைகளில் உதவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும் என்பவை நிபந்தனைகள். கடைசி நிபந்தனை வேலைப்பளுவைக் குறைக்க வைத்ததல்ல. அவன் தொட்ட தட்டை அந்த வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்கள். ஆனாலும் அந்த வைத்தியரைச் சாகா கடைசிவரை நன்றியோடுதான் நினைத்தார். நன்மையும் இழிவும் ஒரே கையால் வருகிற அனுபவம் நம்மில் பலருக்குப் புதிதல்ல.

இந்த ஏற்பாட்டைத் தேடிப் பிடித்தவர் மூத்த அண்ணன் ஜெயநாத். சணல் ஆலையில் மாதம் இருபது ரூபாய்க்கு வேலை செய்த அவர், அதில் ஐந்து ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். தம்பி நடுநிலைப் பரீட்சையில் டாக்கா மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். மாதம் நான்கு ரூபாய் புலமைப்பரிசில் கிடைத்தது. 1905இல் டாக்கா கொலிஜியேட் பாடசாலையில் சேர்ந்தான்.

அது வங்காளம் பிரிக்கப்பட்ட ஆண்டு. புதிய கிழக்கு மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் பாம்ஃபீல்ட் ஃபுல்லர் பாடசாலையைப் பார்க்க வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். பாதணி இல்லாமல் வந்ததே எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சாகாவும் வெறுங்காலோடு நின்றார். எதிர்ப்பாகவே வந்தார் என்று சிலரும், பாதணி வாங்க வழியில்லாத பையன் எப்போதும் போலத்தான் வந்தான் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் தண்டனை ஒன்றுதான். பாடசாலையிலிருந்து நீக்கினார்கள், புலமைப்பரிசிலை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வயது. கிஷோரிலால் ஜுபிலி என்ற தனியார் பாடசாலை கட்டணமில்லாமல் இடம் கொடுத்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1909இல் நுழைவுப் பரீட்சையில் கிழக்கு வங்காளத்துப் பரீட்சார்த்திகளில் முதலிடம். டாக்காக் கல்லூரியில் படிக்கும்போது மேலதிகப் பாடமாக ஜேர்மன் மொழி படித்தார். அந்த மொழி பிற்பாடு அவருக்குச் சோறு போட்டது என்றே சொல்லலாம்.

1911இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரி. பிரபுல்ல சந்திர ராயும் ஜகதீச சந்திர போசும் ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். பரீட்சைகளில் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். பட்டப்படிப்பிலும் முதுகலையிலும் அப்படியேதான். ஆனால் விடுதிக்குத் திரும்பினால் அவர் வெறும் கீழ்ச்சாதிப் பையன். ஈடன் இந்து விடுதியில் சில மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூசைக்கு அவர் வரக்கூடாது என்றார்கள். படிப்புத் தெய்வத்தின் பூசைக்கு, அந்த விடுதியிலேயே நன்றாகப் படித்த இருவரில் ஒருவர் வரக்கூடாதாம்.

படித்து முடித்ததும் அரசாங்க நிதிச்சேவைப் பரீட்சை எழுத விரும்பினார். வீட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் தேவைப்பட்டது. பாகா ஜதீன் போன்ற புரட்சியாளர்களோடு பழக்கம் வைத்திருந்தவர் என்ற காரணத்தால் அனுமதி மறுக்கப்பட்டது. சைக்கிளில் கல்கத்தாவின் மூலை முடுக்கெல்லாம் சுற்றி டியூஷன் கொடுத்துப் பிழைத்தார். 1916இல் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கணிதம் படித்தவருக்குச் சீக்கிரமே பௌதீகவியல் கற்பிக்க வேண்டி வந்தது. அதில் ஒரு பாடம் வெப்ப இயக்கவியல்.

அவர் அதை முறையாகப் படித்தவரல்ல. இரவில் படித்துப் பகலில் கற்பித்தார். போர்க்காலம்; ஜேர்மன் புத்தகங்கள் இந்தியாவுக்கு வருவது நின்றிருந்தது. சிப்பூர் பொறியியற் கல்லூரியில் இருந்த புரூல் என்ற பேராசிரியர் தன்னிடமிருந்த நூல்களைச் சாகாவுக்கும் போசுக்கும் இரவல் கொடுத்தார். பிளாங்க், நேர்ன்ஸ்ற், போல்ட்ஸ்மன் எல்லாம் அப்படித்தான் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இந்த இரண்டு இளைஞர்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920இல் பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் 1918இல் வாயுக்களின் மூலக்கூறுகள் இடத்தை அடைத்துக்கொள்வதைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இங்கிலாந்தின் ஃபிலோசொபிக்கல் மகசீனில் வந்தது.

இந்த இடத்தில் ஒரு இழப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒளி அணுக்களைத் தள்ளும் அழுத்தம் பற்றி 1917இல் அவர் ஒரு நீண்ட கட்டுரையை அமெரிக்க வானியல் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார். நீளம் அதிகம், அச்சுச் செலவை நீங்களே ஏற்கவேண்டும் என்று பதில் வந்தது. நூறு டொலருக்கு மேற்பட்ட தொகை. டியூஷன் காசில் குடும்பம் பார்த்தவரிடம் அது எப்படி இருக்கும்? கட்டுரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உள்ளூர் இதழில் வெளிவந்தது. வெளியே யாரும் பார்க்கவில்லை. சில ஆண்டுகளின் பின் அதே கருத்து வேறு பெயர்களோடு வளர்ந்தது.

இனி அந்தச் சமன்பாட்டுக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் பௌதீகவியல் படிக்கும் நமது பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியலும் புள்ளிவிபர இயக்கவியலும் சந்திக்கும் பகுதியில் சாகா சமன்பாடு ஒரு வரியாக வரும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குள் இருப்பதை எல்லவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் நின்றால் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

எல்ல கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. 96, 97 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றின் அமுக்கம் குறைவு என்பதே காரணம். ஆனால் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிறார்களே, அங்கே 97 பாகையும் இல்லை. சாதாரணக் காற்றுத்தான், கொஞ்சம் வெதுவெதுப்பாக. அதிலேயே பன்னிரண்டு, பதினெட்டு மணித்தியாலத்தில் இலையின் ஈரத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. கொதிக்காமலே தண்ணீர் எப்படி வெளியேறியது?

இலைக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகள் எல்லாவற்றிடமும் ஒரே அளவு சக்தி இல்லை. சராசரியானது வெளியே வரப் போதாது. ஆனால் எப்போதும் சில மூலக்கூறுகளிடம் சராசரியைவிட மிக அதிகம் இருக்கும். அவை தப்பிப் போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், போனவற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து திரும்ப வந்து ஒட்டிக்கொள்பவையும் இருக்கும். போவதும் வருவதும் சமமானால் இலை வாடாது. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் அடிக்கும் வறண்ட காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் இழந்து இந்தப் பக்கம் இறங்கும். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கச்சான் என்று சொல்கிறோமே, அதே காற்றுத்தான். போன மூலக்கூறு திரும்பி வர வழியில்லை, காற்று கொண்டுபோய்விடும். வெப்பநிலை அதேதான், இலையும் அதேதான். சுற்றியுள்ள வெளியில் இடம் காலியாக இருக்கிறது. அதனால் இலை வாடுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் இருக்கும் தனி மணம் இந்த மாதங்களின் வறண்ட காற்றில் பிறப்பது.

சாகா கண்டது ஏறக்குறைய இதையே. இலையின் இடத்தில் அணுவை வையுங்கள், நீர் மூலக்கூறின் இடத்தில் இலத்திரனை வையுங்கள். அணுவிலிருந்து ஒரு இலத்திரனைப் பிரிக்கக் குறிப்பிட்ட சக்தி வேண்டும். அதுதான் அயனாக்கச் சக்தி. கல்சியத்துக்கு அது 6.1 இலத்திரன் வோல்ற்று. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் ஒரு துகளின் சராசரி இயக்கச் சக்தி 0.75 இலத்திரன் வோல்ற்று மட்டுமே. தேவையில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் சூரியனில் கல்சிய அணுக்கள் உடையாமல் முழுசாக இருக்க வேண்டும். ஆனால் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால், உடைந்த கல்சியத்தின் கோடுகள்தான் கறுத்துத் தடித்துக் கிடக்கின்றன. இன்னொரு புதிரும் இருந்தது. கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பைப் படமெடுத்துப் பார்த்தால், உடையாத கல்சியத்தின் கோடு கீழ்ப்படைகளோடு நின்றுவிடும். உடைந்த கல்சியத்தின் கோடு அதற்கும் மேலே பல ஆயிரம் கிலோமீற்றர் வரை தெரியும். மேலே போகப்போகச் சூடு கூடுவதாக அக்காலத்தில் யாரும் கருதவில்லை. பிறகு ஏன் அங்கே அணு அதிகமாக உடைகிறது?

நேர்ன்ஸ்ற்றின் மாணவரான எகர்ட் என்பவர் 1919இல் ஒரு ஜேர்மன் சஞ்சிகையில் நட்சத்திரங்களின் உட்பகுதியில் அணுக்கள் உடைவதைப் பற்றி எழுதியிருந்தார். போர் முடிந்து சஞ்சிகைகள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. கல்கத்தாவில் இருந்தபடி அதைப் படித்த சாகாவுக்கு வழி தெரிந்தது. அணு உடைவதை ஒரு இரசாயனத் தாக்கமாகவே எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துச் சூளையில் சுண்ணாம்புக்கல் சுண்ணாம்பாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிவதைப்போல, கல்சியம் ஒரு அயனாகவும் ஒரு இலத்திரனாகவும் பிரிகிறது. எந்த வெப்பநிலையில், எந்த அமுக்கத்தில், எத்தனை பங்கு பிரிந்திருக்கும் என்று சொல்ல இரசாயனவியலில் ஏற்கெனவே சூத்திரம் இருந்தது. எகர்ட் ஊகித்துப் போட்டிருந்த எண்ணுக்குப் பதிலாக, ஆய்வுகூடத்தில் அளந்த அயனாக்கச் சக்தியைச் சாகா போட்டார். இலத்திரனையும் ஒரு வாயுத் துகளாகக் கணக்கில் சேர்த்தார். அவ்வளவுதான். சூரியனின் மேலடுக்குகளில் அமுக்கம் மிகக் குறைவு. பிரிந்த இலத்திரனுக்குத் திரும்பச் சேர இன்னொரு அயன் பக்கத்தில் இல்லை. கச்சான் காற்றில் இலை வாடுவதுபோல, குறைந்த அமுக்கத்தில் அணு உடைந்தே நிற்கிறது.

சாகா இதை வெப்ப இயக்கவியலின் பாதையில் வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளின் பின் கேம்பிரிட்ஜில் டார்வினும் ரால்ஃப் ஃபவுலரும் புள்ளிவிபர இயக்கவியலின் பாதையில், எண்ணிப் பார்க்கும் முறையில் வந்து அதே இடத்தை அடைந்தார்கள். மாணவர்கள் இந்த இரண்டாவது பாதையையும் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. சூரியனின் வெப்பநிலையில் கல்சியத்தின் இலத்திரனுக்கு 6.1 இலத்திரன் வோல்ற்று கிடைக்கும் வாய்ப்பை போல்ட்ஸ்மன் காரணியால் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு இலட்சத்தில் ஒன்று. சிறிய எண்தான். ஆனால் அணுவுக்குள் கட்டுண்ட இலத்திரனுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய நிலைகளே உண்டு. வெளியே வந்துவிட்டாலோ, சூரியனின் அந்த ஐதான வாயுவில், ஒவ்வொரு இலத்திரனுக்கும் கோடிக்கணக்கான நிலைகள் திறந்து கிடக்கின்றன. இரண்டு இலட்சத்தில் ஒன்றைக் கோடிகளால் பெருக்கிப் பாருங்கள். உடைந்த பக்கமே வெல்லும். எந்திரோப்பி என்ற சொல்லைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். சக்தி உள்ளே இழுக்கிறது, இடத்தின் தாராளம் வெளியே இழுக்கிறது, வெப்பநிலை நடுவில் நின்று தீர்ப்புச் சொல்கிறது.

கட்டுரை 1920 ஒக்டோபரில் ஃபிலோசொபிக்கல் மகசீனில் வெளியானது. சாகாவுக்கு 27 வயது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. பதுளைக்கு ரயில் வரவே 1924 ஆகிவிட்டது. அந்த வேலையைக் கல்கத்தாவிலேயே, ஆய்வுகூடமென்று சொல்லத்தக்க எதுவும் கையில் இல்லாமல் செய்து அனுப்பிவிட்டுத்தான் அவர் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே அல்ஃப்ரட் ஃபவுலரின் ஆய்வுகூடத்தில் நட்சத்திர நிறமாலைகளைப் பற்றிய தரவுகள் குவிந்து கிடந்தன. அவற்றை வைத்துக் கொள்கையை விரித்து 1921இல் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதினார். பிறகு பேர்லினில் நேர்ன்ஸ்ற்றிடமே போய்ச் சில காலம் வேலை செய்தார்.

நட்சத்திரங்களைப் பற்றி அவர் சொன்னதன் கனத்தைப் புரிந்துகொள்ள, பங்குனி மாதத்து இரவொன்றில் எல்லவில் வெளிச்சம் இல்லாத ஒரு மேட்டில் நின்று பாருங்கள். மேற்கே திருவாதிரை செம்மஞ்சளாகத் தெரியும். கிழக்கே சித்திரை நீலவெள்ளையாக ஏறி வரும். ஹார்வர்டில் அன்னி ஜம்ப் கனனும் மற்றப் பெண்களும் இலட்சக்கணக்கான நட்சத்திரங்களின் நிறமாலைகளை இப்படி வகுப்பு வகுப்பாகப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். நிறம் சூட்டைக் காட்டுகிறது என்பது தெரிந்திருந்தது. ஆனால் நிறமாலையின் கோடுகள் வகுப்புக்கு வகுப்பு அடியோடு மாறின. ஒன்றில் ஐதரசன் கோடுகள் ஓங்கி நின்றன, மற்றொன்றில் உலோகங்களின் கோடுகள் மண்டிக் கிடந்தன, இன்னொன்றில் ஹீலியம். அவை வெவ்வேறு பொருளால் ஆனவை என்று நினைப்பது இயல்பு.

சாகாவின் கணக்கு அந்த நினைப்பைத் தகர்த்தது. ஐதரசன் எல்லா நட்சத்திரத்திலும் இருக்கலாம். 3,500 கெல்வின் அளவில் இருக்கும் திருவாதிரையில் அது விழித்தெழப் போதிய சூடில்லை. 10,000 கெல்வினுக்கு அருகில் அதன் கோடுகள் உச்சத்துக்கு வரும். 20,000ஐத் தாண்டிய சித்திரையில் பெரும்பாலான ஐதரசன் உடைந்தேவிட்டதால் கோடுகள் மறுபடி மெலியும். 1925இல் ஹார்வர்டில் செசிலியா பெய்ன் என்ற இளம்பெண் இந்தச் சமன்பாட்டைக் கையில் எடுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகக் கணக்குப் போட்டார். வகுப்புகள் வேறானாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றே என்று வந்தது. ஐதரசன் மற்ற எல்லாவற்றையும்விட மிக மிக அதிகம் என்றும் வந்தது. பெரியவர் ஹென்றி நோரிஸ் ரசல் அது நடக்காத காரியம் என்று சொன்னதால், தன் முடிவையே சந்தேகித்து எழுத வேண்டியிருந்தது பெய்னுக்கு. நான்கு ஆண்டுகளில் ரசலே அதே முடிவுக்கு வந்தார். பந்தியில் தள்ளி உட்கார வைக்கப்பட்டவர் போட்ட சூத்திரத்திலிருந்து, எல்லா நட்சத்திரமும் ஒரே சரக்கு, சூடுதான் வேறு என்ற முடிவு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

சூரியனில் உருபீடியம் தெரியாததற்குக் காரணம் அது அங்கே எளிதில் உடைந்துபோவதே என்றும், சூடு குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடினால் கிடைக்கும் என்றும் சாகா சொல்லியிருந்தார். தேடிய ரசலுக்குக் கிடைத்தது.

1923இல் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பதினைந்து ஆண்டுகள் அங்கே. 1927இல் ரோயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பல தடவைகள் பெயர் போனது, கிடைக்கவில்லை. அதைவிட நீடித்த ஒரு காரியத்தை அலகாபாத்தில் செய்தார் என்பது என் கருத்து. பி. என். ஸ்ரீவாஸ்தவாவோடு சேர்ந்து வெப்பம் பற்றிய பாடநூலை எழுதினார். தெற்காசியாவில் பௌதீகவியல் படித்த பல தலைமுறைகளின் மேசையில் அது கிடந்தது. இரவல் புத்தகத்தில் படித்தவர் மற்றவர்களுக்குச் சொந்தப் புத்தகம் எழுதிக் கொடுத்தார். 1924இல் டாக்காவில் போசைச் சந்தித்தபோது, பிளாங்கின் கதிர்வீச்சு விதிக்குச் சொல்லப்படும் நிறுவல்களில் உள்ள ஓட்டையைப் பற்றி வந்திருந்த புதிய கட்டுரைகளைப் போசின் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் சாகாதான். அதே ஆண்டில் போஸ் எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியதிலிருந்து புள்ளிவிபர இயக்கவியலின் இன்னொரு அத்தியாயம் தொடங்கியது.

சூத்திரத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வெள்ளத்தில் அழியும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். மாணவனாக 1913இல் தாமோதர் ஆற்று வெள்ளத்தில் நிவாரணத் தொண்டராகப் போனார். பிறகு பிரபுல்ல சந்திர ராயோடு வடவங்காள வெள்ள நிவாரணத்தில் நின்றார். ஆறுகளை அளந்து ஆராய்ந்து அணையால் கட்டுப்படுத்த வேண்டும் என்று விடாமல் எழுதினார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் பின்னால் அந்த எழுத்தும் இருக்கிறது. 1935இல் விஞ்ஞானமும் பண்பாடும் என்ற பொருள்தரும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். 1938இல் கல்கத்தா திரும்பினார். அணுக்கரு ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் கட்டினார். இன்று அதற்கு அவர் பெயர்.

1947இல் வங்காளம் மறுபடி பிரிந்தது. சியோராத்தலி ஒரே இரவில் வெளிநாடானது. கிழக்கிலிருந்து சாரைசாரையாக மக்கள் வந்தார்கள். சியால்டா ரயில் நிலைய மேடைகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தன. ரயில் மேடையும் பாடசாலைக் கட்டடமும் தறப்பாள் கூடாரமும் வீடாக இருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து ஊவாவின் தேயிலை மலைகளில் பிறந்து வளர்ந்தவர்களை நாடற்றவர்களாக்கியதும் இதே ஆண்டுகளில்தான். அவர்களின் பிள்ளைகளில் பலர் பின்னாளில் கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்குப் போய், அங்கே போருக்குள்ளும் அகப்பட்டார்கள். சாகா அகதிகளின் பக்கம் நின்றார். நிவாரணத்துக்கு ஆள் திரட்டினார். புனர்வாழ்வு என்பது அரிசி கொடுப்பதோடு முடியும் வேலையல்ல, நிலமும் தொழிலும் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1952இல் கல்கத்தாவின் வடமேற்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அகதிகள், ஆறுகள், அணுசக்தி, கல்வி, கைத்தொழில் என்று எல்லாவற்றிலும் நேருவின் அரசாங்கத்தோடு மோதினார். இராட்டையால் நாட்டை உயர்த்த முடியாது, பெரிய ஆலைகள் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பிடிவாதத்தில் எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பெரிய அணைகள் எத்தனை பேரை இடம்பெயர்த்தன என்பதை நாம் இப்போது பார்த்திருக்கிறோம். அவர் காலத்தில் வெள்ளத்தில் செத்தவர்களே கண்முன் இருந்தார்கள்.

பஞ்சாங்கத்தையும் அவர் விடவில்லை. வாக்கியமா திருக்கணிதமா என்று யாழ்ப்பாணத்தில் இன்றுவரை நடக்கும் வழக்கு நமக்குத் தெரியும். இந்தியாவில் அப்போது முப்பது வரையான பஞ்சாங்கங்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றைச் சீர்செய்ய அமைத்த குழுவுக்கு 1952இல் சாகா தலைவரானார். இரவு பகல் சமமாகும் நாளுக்கும் நமது ஆண்டுப் பிறப்புக்கும் இடையில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்துவிட்ட 23 நாள் பிசகைக் குழு சுட்டிக்காட்டியது. பூசையறைக்குள் வரக்கூடாதென்று சொல்லப்பட்ட பையன், பூசைக்கு நாள் குறிக்கும் கணக்கையே திருத்தினார். குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1956 பெப்ரவரி 16. புதுடில்லி. இரத்த அழுத்தம் சில காலமாகவே தொந்தரவு கொடுத்துவந்தது. அன்று காலை திட்டக் கமிஷன் அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். வாசலை எட்டுவதற்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போது மாரடைப்பு வந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பயனில்லை. 62 வயது. மறுநாள் உடல் கல்கத்தாவுக்கு வந்து கியோராத்தலா சுடலையில் தகனமானது. பிறந்த ஊர் அங்கிருந்து சில நூறு கிலோமீற்றர் தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.